முறைப்பட்டியலில் ஒரு பெயர்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் திருவெறும்பூரைக் கடப்பவர்கள் கண்ணில் அந்தச் சிறு குன்று படாமல் போகாது. மேலே இருப்பது எறும்பீசுவரர் கோயில். தேவர்கள் எறும்பு உருவில் வந்து வழிபட்ட இடம் என்பது ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் தலபுராணம். இந்தத் தலத்தைப் பாடியவர் திருநாவுக்கரசர். அவரது சிலையை நாம் அடையாளம் கண்டுகொள்வது தோளில் சாய்ந்திருக்கும் உழவாரத்தை வைத்துத்தான். கோயில் வெளியில் முளைத்த புல்லைச் செதுக்கும் கருவி அது. ஒரு வழிபாட்டிடம் நிலைத்து நிற்கப் பூசை செய்பவரும் பொருள் கொடுப்பவரும் இருந்தால் போதாது, கூலி கேட்காமல் புல் செதுக்குகிற கையும் வேண்டும் என்பதைத் தமிழ்நாடு ஏழாம் நூற்றாண்டிலேயே தெரிந்து வைத்திருந்தது. சைவர் இதை உழவாரப்பணி என்பார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் இதற்குக் கைங்கரியம் என்று பெயர். கிறிஸ்தவ சபைகளில் இது ஊழியம், திருப்பணி என்ற சொற்களில் வழங்குகிறது. சொல் வேறானாலும் கேள்வி ஒன்றுதான். சம்பளமில்லாத இந்த வேலை யாருக்கு என்ன தருகிறது? பெருக்குவதையும் பாய் விரிப்பதையும் ஆள் வைத்துச் செய்துவிடக் கூடிய காலத்திலும் இது எதற்குத் தேவைப்படுகிறது?

இந்தக் கேள்வியை ஆங்கிலிக்கன் வழிவந்த ஒரு சபையை வைத்துப் பார்ப்பது வசதியானது. காரணம், அந்த மரபில் அதிகாரம் மேலிருந்தும் வருகிறது, கீழிருந்தும் வருகிறது. ஆங்கிலிக்கன் மரபை அமெரிக்காவில் ‘எபிஸ்கோப்பல்’ என்பார்கள். பேராயரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. மேற்பார்வையாளர் என்பது அதன் நேர்ப்பொருள். பேராயரின் மேற்பார்வையில் இயங்கும் திருச்சபை என்று புரிந்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் அந்த மரபின் வாரிசு தென்னிந்தியத் திருச்சபை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று நான்கு பிரிவினர் 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றாகி உருவாக்கியது. ஆங்கிலிக்கன் பக்கத்திலிருந்து பேராயர் பதவியும், மற்றப் பக்கங்களிலிருந்து சபையாரே கூடித் தீர்மானிக்கும் வழக்கமும் அதில் கலந்தன. அதனால்தான் இங்கே சபையின் போதகரான ஆயரை, பேராயரின் ஆட்சி எல்லையான திருமண்டலம் நியமிக்கிறது. ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சேகரத்தை நிர்வகிக்கும் கமிட்டியையோ சபையாரே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். சினாட் என்ற உச்ச மன்றம் வரை சாதாரண உறுப்பினர்களின் பிரதிநிதிகள் உட்காருகிறார்கள். திருவெறும்பூர் வட்டாரம் இந்தத் திருச்சபையின் திருச்சி–தஞ்சைத் திருமண்டல எல்லைக்குள் வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எத்தனை கைகள் தேவை என்று எண்ணிப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஆயர் ஒருவர்தான். அவரும் பெரும்பாலும் ஒரே காலையில் ஒன்றுக்கு மேற்பட்ட சபைகளுக்கு ஓட வேண்டியவர். மற்றதெல்லாம் சபையார் பொறுப்பு. சனிக்கிழமை மாலையே பலிபீடத்துக்குப் பூ வைக்க ஒருவர், துணிகளைத் துவைத்து மடித்து வைக்க ஒருவர். காலையில் வாசலில் நின்று புதியவர்களுக்குப் பாட்டுப் புத்தகம் கொடுத்து இடம் காட்ட இருவர், பழைய ஏற்பாட்டிலிருந்தும் நிருபத்திலிருந்தும் பாடம் வாசிக்க இருவர், காணிக்கைப் பை எடுக்க நால்வர், எண்ணிக் கணக்கெழுதப் பொருளாளரும் சாட்சிக்கு இன்னொருவரும். பாடகர் குழுவும் கீபோர்டு வாசிப்பவரும் ஒலிபெருக்கியைக் கவனிப்பவரும் தனி. பக்கத்துக் கட்டடத்தில் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள். பெண்கள் ஐக்கியம், ஆண்கள் ஐக்கியம், வாலிபர் ஐக்கியம் என்று வாரநாள் கூட்டங்களுக்கு வேறு ஆட்கள். மே மாதத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி, அறுப்பின் பண்டிகையில் ஏலம், டிசம்பரில் வீடு வீடாகப் போகும் கேரல் பவனி, ஆண்டுக்கொருமுறை அன்பின் விருந்து. ஒரு நடுத்தரச் சபையில் ஆண்டு முழுவதும் நடக்கும் இந்த வேலைகளைப் பட்டியலிட்டால் அது சிறு அலுவலகம் ஒன்றின் பணிப்பட்டியலைவிட நீளமாக இருக்கும். இத்தனையும் நடப்பது ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டிய முறைப்பட்டியலை நம்பித்தான்.

இந்தப் பட்டியல் ஆலயத்தை நடத்துவதற்கான ஏற்பாடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. மனிதர்களைச் சபையாக ஆக்குவதே அந்தப் பட்டியல்தான் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். ஐக்கியம் என்று சபையார் சொல்லும் பிணைப்பு முதலில் வந்து, அதன் விளைவாகப் பணி வருவதில்லை. பத்துப் பேர் சேர்ந்து வெங்காயம் உரித்த பிறகுதான் அந்தப் பத்துப் பேருக்குள் ஐக்கியம் வருகிறது. ஒரே வரிசையில் பத்தாண்டு உட்கார்ந்து ஒரே பிரசங்கத்தைக் கேட்ட இருவர் ஒருவர் பெயரை ஒருவர் அறியாமல் இருக்க முடியும். ஒரே ஒரு கேரல் பவனியில் இரவு பதினொரு மணிக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கையோ டிரம் செட்டையோ மாற்றி மாற்றிச் சுமந்த இருவர் அப்படி இருக்க முடியாது.

வரலாறும் இந்தப் பக்கமே நிற்கிறது. நம் பகுதியின் சீர்திருத்தச் சபைகள் குருமார்களால் மட்டும் எழுந்தவை அல்ல. ஜெர்மானியரான கிறிஸ்டியன் ஃபிரடெரிக் சுவார்ட்ஸ் 1762இல் திருச்சிக்கு வந்தார். தெப்பக்குளம் அருகே இன்றும் நிற்கும் கிறிஸ்து ஆலயம் அவர் எழுப்பியது. ஆனால் அவர் ஒருவர். திருச்சி, தஞ்சை, தெற்கே பாளையங்கோட்டை வரை அவர் கவனிக்க வேண்டிய நிலம். இடைவெளியை நிரப்பியவர்கள் உபதேசிமார்களும் சாதாரண விசுவாசிகளும்தான். பாளையங்கோட்டைச் சபையின் கதை இதற்கு நல்ல சான்று. தஞ்சையிலிருந்து போன மராத்திப் பிராமண விதவை ஒருவர் 1778இல் சுவார்ட்ஸிடம் ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா ஆனார். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருக்கிறார்கள். 1785இல் அங்கே பிரதிஷ்டையான சிற்றாலயம் எழக் காரணமாக இருந்தவரும் குளோரிந்தாவே. நிலையான போதகர் வந்து சேருவதற்கு முன்பே அங்கே சபை இருந்தது. அதை நடத்தியவர் எந்தப் பட்டமும் பதவியும் இல்லாத ஒரு பெண். பின்னாளில் லட்சக்கணக்கானவர்களாகப் பெருகிய நெல்லைத் திருச்சபையின் முதல் பக்கத்தில் இருப்பது ஒரு தன்னார்வலரின் பெயர் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

திருச்சிக்கே உரிய இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. கல்கத்தாவின் பேராயராக இருந்த ரெஜினால்டு ஹீபர் 1826 ஏப்ரல் 3ஆம் நாள் காலை திருச்சிக் கோட்டைக்குள் இருந்த ஆலயத்தில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்தினார். அன்றைக்கே, குளிக்க இறங்கிய தொட்டியில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 42. தூய யோவான் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் பெயரில் கல்லூரியும் பள்ளியும் இருப்பதால் ஊருக்கு அவரைத் தெரியும். அவர் கடைசியாகச் செய்த பணி என்ன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. குழந்தைப் பருவத்தில் பெற்றோர் தன் சார்பில் கொடுத்த வாக்கை, வளர்ந்தவர் சபைமுன் நின்று தன் வாயால் ஏற்றுக்கொள்வதுதான் திடப்படுத்தல். அதற்குப் பிறகுதான் அவர் திருவிருந்தில் பங்குபெறும் முழு உறுப்பினர். வயது வந்ததும் வாக்களிக்கலாம், கமிட்டிக்கு நிற்கலாம், பொறுப்புகளை ஏற்கலாம். இந்த மரபில் ஒரு பேராயரின் முக்கிய வேலைகளில் ஒன்று சாதாரண மனிதர்களின் தலையில் கைவைத்து அவர்களைப் பொறுப்பாளிகளாக்குவது. சபைப்பணி ஆயருக்கு நாம் செய்கிற உபகாரம் என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை இந்தச் சடங்கே சொல்லிவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இது கொள்கையாகவும் வடிவெடுத்தது. இங்கிலாந்தின் சி.எம்.எஸ். மிஷனரி சங்கத்தின் செயலராக நெடுங்காலம் இருந்த ஹென்றி வென், மிஷனரிகள் ஒருநாள் கிளம்பிப் போகத்தான் வேண்டும், அதற்குள் உள்ளூர்ச் சபை தன் செலவைத் தானே பார்த்து, தன்னைத் தானே ஆண்டு, தானே பரவக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தினார். வெளியூர்ப் பணம் நின்றால் விழுந்துவிடும் சபை சபையே இல்லை என்பது அதன் சாரம். இதை மெய்ப்பித்தவர்களில் முதன்மையானவர் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வே.ச. அசரியா. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் உருவாவதில் முன்நின்றவர். 1912இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார். அந்தச் சங்கத்தின் பின்னால் இருந்தது கோடீசுவரர் பணம் அன்று. தமிழ்ச் சபையாரின் சிறு காணிக்கைகள். இதேபோல் மிசோரத்தில் 1910 முதல் பெண்கள் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, அதை விற்ற பணத்தில் பிரெஸ்பிட்டேரியன் சபையின் பெரும்பணிகளை நடத்திக்காட்டினார்கள். நம் ஊரில் காஞ்சி மடத்தின் பிடி அரிசித் திட்டம் வேறொரு சமயத்தில் அதே கணக்கைப் போட்டது. சிறு அளவு, பல கைகள், விடாத முறை. பெரிய நன்கொடை ஒன்று வந்தால் கட்டடம் எழும். ஆனால் பிடி அரிசி எடுக்கும் வீட்டில்தான் இது நம்முடையது என்ற எண்ணம் எழும்.

இப்போது திருவெறும்பூருக்குத் திரும்புவோம். 1964இல் துவாக்குடிப் பக்கம் மண்டலப் பொறியியல் கல்லூரி, 1965இல் பெல் கொதிகலன் ஆலை, 1966இல் துப்பாக்கித் தொழிற்சாலை என்று மூன்றே ஆண்டுகளில் இந்தப் பகுதியின் முகம் மாறியது. நெல்லை, குமரி, மதுரை, கேரளம், ஆந்திரம் என்று பல திசைகளிலிருந்து ஆட்கள் வேலைக்கு வந்து குவார்ட்டர்ஸில் குடியேறினார்கள். சொந்த ஊரில் ஒருவருக்குப் பிரசவம் பார்க்க அத்தை இருந்தார், சாவு விழுந்தால் பந்தல் போடப் பங்காளிகள் இருந்தார்கள். டவுன்ஷிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வேறு மொழி பேசுபவர், ஷிப்ட் வேறு. இப்படிப்பட்ட தொழில்நகரில் சபை என்பது வழிபாட்டிடமாக மட்டும் இருக்க முடியாது. உறவுமுறை விட்டுவந்த வேலைகளை யாராவது எடுத்துச் செய்ய வேண்டும். மருத்துவமனையில் இரவு துணைக்கு இருப்பது, பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சோறு கொண்டுபோவது, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஏற்பாடு செய்வது எல்லாம் அதில் அடங்கும். நெல்லையிலிருந்து வந்தவர்கள் அசனம் என்ற சமபந்தி விருந்துப் பழக்கத்தைக் கையோடு கொண்டுவருவார்கள். தஞ்சைப் பக்கத்தவர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை. இன்னொரு மாற்றம் இப்போது நடக்கிறது. முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, காட்டூர், கைலாஷ் நகர் என்று சுற்றுப்புறங்களில் வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ. உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்கிறது. அந்த ஆறில் ஒருவரைத் தேடித் திருவெறும்பூரில் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

சபையின் பழக்கங்கள் சில இப்படிப்பட்ட தொழில்நகரத் தேவையிலிருந்தே பிறந்தவை என்பதும் கவனிக்கத்தக்கது. ஞாயிறு பள்ளியையே எடுத்துக்கொள்ளலாம். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகையாளர் அதைத் தொடங்கியபோது, வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு விடுமுறை நாளில் எழுத்தறிவிப்பதே நோக்கம். பாடநூல் வேதாகமம், கற்றது வாசிக்க. கிராமத்தில் பிறந்து தொழில்நகருக்கு வந்த பழக்கமும் உண்டு: அறுப்பின் பண்டிகையின் இன்றைய வடிவம் 1843இல் கார்ன்வால் கடற்கரைக் கிராமத்துக் குருவான ராபர்ட் ஹாக்கர் தொடங்கியது. அது தமிழ்நாட்டுக்கு வந்து முதற்பலனைக் கோயிலுக்குக் கொடுக்கும் நம் வழக்கத்தோடு சேர்ந்து, வாழைத்தாரும் சேவலும் ஏலம் போகும் திருவிழாவாகிவிட்டது. வயலே இல்லாத தொழிலாளி வீட்டிலிருந்து வீட்டில் சுட்ட முறுக்கும் தொட்டிச் செடியும் வரும். ஐம்பது ரூபாய்ப் பொருளை இருவர் போட்டி போட்டு ஐந்நூறு ரூபாய்க்கு எடுப்பதைப் பார்ப்பவருக்கு அது வியாபாரமாகத் தெரியாது. எல்லோரும் சிரித்துக்கொண்டே கொடுக்க ஒரு சாக்கு வேண்டும், அதுதான் ஏலம்.

சேர்ந்து வேலை செய்வதால்தான் பிணைப்பு வருகிறது என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் பட்னமும் டேவிட் கேம்பலும் 2010இல் வெளியிட்ட ஆய்வு நூலில், வழிபாட்டுக்குத் தவறாமல் போகிறவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தொண்டு செய்கிறார்கள், அதிகம் கொடுக்கிறார்கள் என்று கண்டார்கள். வியப்பு அதற்கடுத்துத்தான். அதற்குக் காரணம் விசுவாசத்தின் ஆழமா, கொள்கையின் வகையா என்று சோதித்தபோது இரண்டும் அவ்வளவாக விளக்கம் தரவில்லை. சபைக்குள் ஒருவருக்கு எத்தனை நெருங்கிய நண்பர்கள் இருக்கிறார்கள் என்பதே விளக்கியது. தனியே வந்து தனியே செபித்துவிட்டுப் போகிறவரிடம் அந்தக் கூடுதல் தாராளம் காணப்படவில்லை. நல்லவர்களுக்குத்தான் நண்பர்கள் கிடைக்கிறார்கள், காரணத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறீர்கள் என்று மறுக்கலாம். நியாயமான மறுப்பு. ஆனால் அந்த ஆய்வாளர்கள் அதே மனிதர்களை ஓராண்டு இடைவெளியில் இரண்டாம் முறையும் பேட்டி கண்டவர்கள். அதோடு, யாரும் இதைத் தன் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரத்ததான முகாமுக்கு நாம் போவது பெரும்பாலும் சுவரொட்டியைப் பார்த்து அன்று. ‘வா, நானும் போறேன்’ என்று ஒருவர் கூப்பிட்டதால். கூப்பிடுகிறவர் உருவாகும் இடம்தான் ஐக்கியம்.

இன்னொரு சான்று திறமையைப் பற்றியது. வெர்பா, ஷ்லோஸ்மன், பிரேடி என்ற மூன்று அறிஞர்கள் அமெரிக்கக் குடிமக்களின் அரசியல் பங்கேற்பை ஆராய்ந்து 1995இல் நூலாக வெளியிட்டார்கள். கூட்டம் கூட்டுவது, கடிதம் எழுதுவது, மேடையில் பேசுவது போன்ற பொதுவாழ்வுத் திறன்கள் உயர்பதவிக்காரர்களுக்கு அலுவலகத்திலேயே கிடைத்துவிடுகின்றன. ஏழைகளுக்கும் குறைந்த படிப்புள்ளவர்களுக்கும் அவை கிடைக்கும் முக்கியமான இடம் ஆலயம் என்று கண்டார்கள். சாமானியருக்குப் பொறுப்புக் கொடுக்கும் புரோட்டஸ்டன்ட் சபைகளில் இது கூடுதல் என்பதும் அவர்கள் முடிவு. நம் சபைகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வீட்டில் நாலு பேர் முன்னால் வாய் திறக்காத ஒரு பெண், பெண்கள் ஐக்கியத்தில் முதலில் செபம் சொல்கிறார், பிறகு அறிக்கை வாசிக்கிறார், பிறகு வரவு செலவை விளக்கி நிற்கிறார். பன்னிரண்டு வயதுப் பையன் ஒலிவாங்கி முன் நிருபம் வாசித்துப் பழகி, கல்லூரி நேர்காணலில் தயங்காமல் பேசுகிறான். மின்கட்டண ரசீதையும் ஏலக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பழகியவர் குடியிருப்போர் சங்கத்திலும் கணக்குக் கேட்பார். ஜனநாயகத்துக்குப் பயிற்சிப் பள்ளி எங்கே இருக்கிறது என்று தேடுபவர்கள் இந்தச் சின்னக் கமிட்டிகளையும் எட்டிப் பார்க்க வேண்டும்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது வலுவானது: ஊழியம் என்ற அழகான பெயரில் நடப்பது கூலியில்லா உழைப்பு, அதுவும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. விருந்து என்றால் அடுப்படியில் பெண்கள், மேடையில் ஆண்கள். பூ வைப்பது பெண், கணக்கு வைப்பது ஆண். இதை மறுப்பதற்கில்லை. தென்னிந்தியத் திருச்சபையில் பெண்களுக்குக் குருத்துவம் கிடைக்க 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் பெண் பேராயராக நந்தியால் திருமண்டலத்தில் புஷ்பலலிதா பொறுப்பேற்றது 2013இல். அதற்கு முன்னும் பின்னும் சபையைத் தாங்கியவர்களில் பெரும்பகுதி பெண்கள். ஆனால் இந்தக் குறை பணிகளைப் பிரித்த விதத்தில் இருக்கிறது. மருந்தும் அங்கேயே இருக்கிறது: சமையல் முறையில் ஆண்கள் ஐக்கியத்தின் பெயரும், பொருளாளர் முறையில் பெண்களின் பெயரும் வர வேண்டும். இதோடு இன்னொரு கோட்டையும் தெளிவாகப் போட வேண்டும். ஆலயத்தைப் பராமரிக்கும் கோயில் பிள்ளை, இரவுக் காவலாளி, கழிப்பறை துப்புரவு செய்பவர் ஆகியோர் தொழிலாளர்கள். அவர்களுக்கு முறையான சம்பளம் கொடுக்க வேண்டிய இடத்தில் ஊழியம் என்று பேசுவது சுரண்டல். பகிர்ந்துகொள்ளக் கூடிய வேலை தன்னார்வப் பணி. ஒருவர் தலையில் நிரந்தரமாக ஏற்றிவைத்த வேலைக்குக் கூலி உண்டு.

இரண்டாவது எதிர்வாதம் சாதி. கூடி உண்பதும் கூடிப் பாடுவதும் சாதியைக் கரைத்துவிட்டனவா என்று கேட்பவர்களுக்குத் தமிழ்ச் சபை வரலாறு தலைகுனிவைத் தரும் பதிலையே வைத்திருக்கிறது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென்று ஆணையிட்டபோது, தஞ்சையிலும் திருச்சியிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தனி இருக்கை, தனி வரிசை என்பதை விட்டுக்கொடுப்பதைவிடச் சபையையே விட்டுவிலகத் தயாராக இருந்தவர்கள் உண்டு. இன்றும் கமிட்டித் தேர்தலில் சாதிக் கணக்குப் போடப்படுகிறது என்பது ஊரறிந்த செய்தி. ஆகவே கூடி வேலை செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வது அப்பாவித்தனம். ஆனால் அந்த எதிர்ப்பாளர்கள் எதற்குப் பயந்தார்கள் என்று பார்க்க வேண்டும். அவர்கள் ஒரே வேதத்தை வாசிப்பதற்குப் பயப்படவில்லை. ஒரே பாத்திரத்தில் பருகுவதற்கும் பக்கத்தில் உட்காருவதற்கும் பயந்தார்கள். கருத்தளவில் ஒன்றாக இருப்பதைச் சாதி பொறுத்துக்கொள்ளும். ஒரே அண்டாவில் கரண்டி போடுவதை அதனால் பொறுக்க முடியாது. யார் சமைப்பது, யார் பரிமாறுவது, யார் திருவிருந்துப் பாத்திரத்தைத் துலக்குவது என்ற முறைப்பட்டியல்தான் இந்த விஷயத்தில் பிரசங்கத்தைவிடக் கூர்மையான கருவி. அதைக் கூர்மையாகப் பயன்படுத்துகிறோமா, துருப்பிடிக்க விடுகிறோமா என்பது சபையின் கையில் இருக்கிறது.

மூன்றாவது: பதவிச் சண்டை. சேவை என்று தொடங்கியது தேர்தல், வழக்கு, கோஷ்டி என்று முடிகிற கதைகள் நிறைய. ஒரே குடும்பம் இருபது ஆண்டு செயலர் பதவியை வைத்திருப்பதும் உண்டு. இதற்கு ஆங்கிலேயரிடம் போய்ப் பாடம் கேட்க வேண்டியதில்லை. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய உறவினருக்கும் இடமில்லை. அந்தச் சபையில் நிலமுள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமே இடமிருந்தது என்ற குறையைச் சொல்லிவிட்டே இதைச் சொல்ல வேண்டும். ஆனால் சுழற்சியும் கணக்கும் இல்லாத பொறுப்பு சொத்தாகிவிடும் என்ற அறிவு அதில் இருக்கிறது. அமெரிக்க எபிஸ்கோப்பல் சபைகளில் சபையார் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழுவை ‘வெஸ்ட்ரி’ என்பார்கள். அதிலும் பல சபைகளில் மூன்றாண்டுப் பதவிக்காலமும், ஆண்டுதோறும் ஒரு பகுதியினர் விலகிப் புதியவர்கள் நுழைவதும் வழக்கம். ஆயிரம் ஆண்டு இடைவெளியில், ஒன்றையொன்று அறியாத இரு அமைப்புகள், ஒன்றில் விலகியிருக்கும் காலமாகவும் மற்றதில் பதவிக்காலமாகவும், மூன்றாண்டு என்ற ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. மனித சுபாவம் நாற்காலியோடு ஒட்டிக்கொள்ளும் என்பதை இரண்டும் அறிந்திருந்தன போலும்.

நான்காவது எதிர்வாதம் வெளியிலிருந்து வருவது: இந்தத் தொண்டெல்லாம் தம் மதத்தாருக்கு மட்டும், மற்றவர்களுக்குச் செய்தால் ஆள் பிடிக்க. முதல் பாதிக்குப் பதில், பெரும்பகுதிப் பணி உள்வேலை என்பதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கோயில் அன்னதானத்துக்குப் பாத்திரம் கழுவுவதும், ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதும் அப்படித்தான் தொடங்குகின்றன. தன் வீட்டு வாசலைப் பெருக்கப் பழகிய கைதான் தெருவைப் பெருக்கும். இரண்டாம் பாதி கவனமான பதிலைக் கேட்கிறது. உதவிக்கு நிபந்தனை இருந்தால் அது பேரம்; தொண்டு இல்லை. சோறு போடும் இடத்தில் சோறு, செபிக்கும் இடத்தில் செபம் என்று பிரித்து வைக்கத் தெரிந்த சபை இந்தச் சந்தேகத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. அந்தப் பிரிவினை இல்லாத இடத்தில் அக்கம்பக்கத்தார் சந்தேகப்படுவதைக் குற்றம் சொல்லவும் முடியாது. கஞ்சியும் பொங்கலும் கேக்கும் வேலி தாண்டிப் பரிமாறப்படும் தெருவில் இதை யாரும் பாடமாக எடுக்க வேண்டியதில்லை.

கடைசி எதிர்வாதம்தான் நடைமுறையில் எல்லாவற்றையும் வெல்வது: நேரமில்லை. ஷிப்ட் வேலை, பிள்ளைகளின் டியூஷன், திருச்சிப் போக்குவரத்து. விளைவு, எல்லாச் சபையிலும் அதே ஏழெட்டுப் பேர் எல்லாவற்றையும் செய்து களைத்துப்போகிறார்கள், மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். ஆனால் கூர்ந்து பார்த்தால் பலர் ஒதுங்கிநிற்கக் காரணம் நேரமின்மை அன்று. ஒருமுறை தலையைக் கொடுத்தால் ஆயுள் முழுக்க மாட்டிக்கொள்வோம் என்ற பயம். ‘ஞாயிறு பள்ளி எடுங்கள்’ என்று கேட்டால் தயங்குபவர், ‘ஜூலையில் நாலு ஞாயிறு மட்டும்’ என்றால் சம்மதிப்பார். வேலையைச் சிறிதாக வெட்டி, தொடக்கமும் முடிவும் குறித்துக் கொடுப்பதே நிர்வாகத்தின் கலை. படிக்கட்டு ஏற முடியாத முதியவரால் தொலைபேசியில் பத்து வீட்டாரை நலம் விசாரிக்க முடியும். இரவு ஷிப்ட்காரருக்குச் சனிக்கிழமைப் பகல் வேலை. பிள்ளைகளிடையே பணி செய்பவர்களுக்கு மட்டும் கட்டுப்பாட்டைத் தளர்த்தக் கூடாது. யாரென்று விசாரிக்காமல் யாரையும் சேர்க்காதிருப்பதும், எந்த வகுப்பிலும் இரண்டு பெரியவர்கள் இருப்பதும் போக்சோ சட்டம் வந்த 2012க்குப் பிறகு எந்தச் சபையும் தட்டிக்கழிக்க முடியாத கடமைகள். அன்பானவர்தான் என்ற நம்பிக்கை பிள்ளைகளின் பாதுகாப்புக்கு ஈடாகாது.

ஆக, ஒரு சபையின் ஆரோக்கியத்தை அளக்கக் கோபுர உயரமோ காணிக்கைத் தொகையோ பயன்படாது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வாசல் பலகையில் ஒட்டியிருக்கும் முறைப்பட்டியலைப் படித்தால் போதும். ஒரே பெயர் நான்கு இடத்தில் இருந்தால் அந்த மனிதர் சீக்கிரம் களைத்துப்போவார், சபையும் அவரோடு சேர்ந்து களைக்கும். சமையல் பத்தியில் பெண்பெயர்களும் கணக்குப் பத்தியில் ஆண்பெயர்களும் மட்டுமே இருந்தால் சபை இன்னும் பாதிக் கையால்தான் வேலை செய்கிறது. போன ஆண்டில் இல்லாத பெயர்கள், எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளையின் பெயர், புதிதாகக் குடிவந்தவரின் பெயர், ஓய்வுபெற்று வீட்டில் தனியே இருப்பவரின் பெயர் அதில் வந்திருந்தால் அங்கே ஐக்கியம் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பட்டியலுக்குக் கீழே இன்னும் நிரப்பாத இரண்டு கட்டங்கள் எப்போதும் இருக்கும். அங்கே தொங்கும் பேனாவை எடுத்து எழுத யாரும் பேராயரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.